இரண்டு சாவி அறை

கால்நடை நோய் ஆய்வகத்தின் பின்கட்டில் இருந்த அந்த அறைக்குப் பூட்டு இரண்டு, சாவியும் இரண்டு. ஒரு சாவி வைத்திருப்பவர் மற்றதைக் கையால் தொடக்கூடாது. ஆய்வகத்துக்காரர்கள் தாங்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு அல்ல இது, சட்டம். உள்ளே உறைபெட்டியில் இருந்தது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், நோயின் கிருமி. மேய்ந்துகொண்டிருக்கும் மாட்டை மேய்ந்த இடத்திலேயே சாய்த்துவிடும், மனிதரையும் விட்டுவைக்காது. தடுப்பூசி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க அது வேண்டியிருந்தது. ஆனால் கெட்டவன் கையில் கிடைத்தாலும் விபரீதம், நல்லவன் கை தவறினாலும் விபரீதம். அதனால் அரசாங்கம் ஆபத்தான கிருமிகளையும் நச்சுகளையும் பட்டியல் போட்டு, எதை யார் வைத்திருக்கலாம், யார் தொடலாம், எப்படிப்பட்ட கதவுக்குப் பின்னால் என்றெல்லாம் விதி எழுதி வைத்திருந்தது. அதில் முதல் விதியே, அந்த அறைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது என்பதுதான். அனுமதி பெற்ற இருவர் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து வெளியே வர வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் யாருக்கும் நாத்தனார் கிடையாது போலிருக்கிறது.

அந்த ஆய்வகத்தில் முதலில் மூன்று பேருக்கு அனுமதி இருந்தது. மூத்த விஞ்ஞானி ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு நியமிக்கப்பட்டவரைப் பற்றிய போலீஸ் விசாரணை ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. மிச்சம் இரண்டே பேர். ஒருத்தி, எல்லோரும் பூட்டக்கா என்று கூப்பிடும் கால்நடை மருத்துவர். எந்தக் கதவைப் பூட்டினாலும் இழுத்துப் பார்ப்பாள். நாலடி நடந்து போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். அதனால் வந்த பெயர். மற்றவர் அவளுடைய நாத்தனார், கணவனுக்குக் கூடப் பிறந்த அக்கா. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இத்தனைக்கும் அவளைத் தம்பிக்குப் பெண் பார்த்ததே அந்த நாத்தனார்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவள் கையுறையைக் கழற்றுகிற விதத்தை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு சுத்தம்" என்று வீட்டில் போய்ச் சொல்லி, கையோடு கையாக நிச்சயத்தையும் முடித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் அண்ணி, அண்ணி என்று இவள் அவர் பின்னால்தான் சுற்றினாள். இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அலுவலகத்தில் கண் பட்டுவிடும் என்றே பேசிக்கொண்டார்கள்.

பட்டது மாமியாரின் சாவில். அவர் மகன் வீட்டில், அதாவது பூட்டக்காவின் வீட்டில், படுக்கையில் கிடந்தார். அன்றைக்கு அவள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். காலையில் நாத்தனார் வேலைக்குக் கிளம்பும்போது போனில் கேட்டார், "அம்மா எப்படி இருக்காங்க?" மூச்சு கொஞ்சம் முட்டிமுட்டி வந்ததை அவள் பார்த்திருந்தாள். அது முன்பும் வந்து போனதுதான்; சொன்னால் வேலை ஓடாமல் தவிப்பார் என்று நினைத்து, "தூங்குறாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் மூத்த விஞ்ஞானியுடன் அந்த அறைக்குள் போனார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. திறந்த குழாய்களைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவரவும் முடியாது. எல்லாவற்றையும் மூடி, மருந்து தெளித்துத் துடைத்து, உடை மாற்றி, குளித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். கண்ணாடிக்கு வெளியே யாரோ கையை ஆட்டிக் கூப்பிட்டு, அவர் அத்தனையும் முடித்து வீடு வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு முகத்தை மூடியிருந்தார்கள்.

"தூங்குறாங்கன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. தம்பியிடம் பேச வேண்டுமென்றால் தெருமுனைக்கு வரச் சொல்லிப் பேசிவிட்டுப் போவார்.

ஆனால் அந்த அறைக்குள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. செய்கிற ஒவ்வொன்றையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்து ஆமோதிக்க வேண்டும் என்பதும் விதி.

"மூடி இறுக்கியாச்சு."

"பார்த்தாச்சு."

"ரேக் உள்ளே."

"உள்ளே. சரி."

ஒற்றுமையாக இருக்கிற நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும்கூட ஒரு நாளில் இத்தனை வார்த்தை பேசிக்கொள்வார்களா என்பது சந்தேகம். "உங்க ரெண்டு பேரையும் நம்ம வீட்டுல ஒரு ரூம்ல போட்டு ரெண்டு பூட்டு போடணும்" என்று கணவன் ஒருமுறை சொன்னான். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு பக்கமும் சமன் செய்து பார்க்கிற புத்தி.

நாத்தனாரின் கையை அவள் முதலில் கவனித்தது ஒரு சாதாரண நாளில். காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் கண்ணாடிக் கூண்டு ஒன்று அங்கே உண்டு. கையை மட்டும் உள்ளே விட்டு அதற்குள்தான் எல்லா வேலையும். நாத்தனார் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு சிறிய குழாயைத் தூக்கினார். அதன் மூடி பக்கத்துக் குழாயில் இடித்து மெல்ல டிக்டிக்கென்று சத்தம் கேட்டது. உறைபெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்பு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு சில நாள் கழித்து, நாத்தனார் வலது கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஊற்றுவதைப் பார்த்தாள். அதற்கும் பிறகு, "இதை நீங்க பண்ணுங்க, நான் பார்க்குறேன்" என்று நுணுக்கமான வேலையெல்லாம் அவள் பக்கம் வர ஆரம்பித்தது. சண்டைக்கு முன்னால் நீ என்றவர், சண்டைக்குப் பின்னால் நீங்க. மரியாதை கூடினால் விலகல் என்று அர்த்தம். இவளும் அண்ணியை விட்டு மேடத்துக்கு மாறியிருந்தாள்.

ஒரு நாள் குழாய் விழுந்துவிட்டது. கூண்டுக்குள்தான் விழுந்தது. பிளாஸ்டிக் குழாய், மூடி இறுக்கமாக இருந்தது, ஒரு சொட்டும் சிந்தவில்லை. இருந்தாலும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள்.

"க்ளவுஸ் ஈரம். வழுக்கிடுச்சு" என்றார் நாத்தனார்.

கையுறை ஈரமாக இல்லை. அவள் ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த அறையில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

அனுமதி வாங்கும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற உறுதிமொழியில் ஒரு பத்தி உண்டு. தன் உடம்பிலோ மனசிலோ ஏதாவது மாற்றம் தெரிந்தால் பொறுப்பு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். கூட வேலை செய்பவரிடம் தெரிந்தாலும் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். ஆய்வகத்தின் உரிமமே பறிபோகலாம். கையெழுத்துப் போட்ட நாளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. யாரோ குடித்துவிட்டு வந்தால் சொல்வதற்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க அக்காவுக்குக் கை நடுங்குது."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எப்பலேர்ந்து?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மூணு வாரமா. அதுக்கு முன்னாடி இருந்திருக்கலாம். நான் மேல சொல்லணும்."

"அக்காகிட்ட கேட்டியா?"

"எங்கே கேட்குறது? நாங்க பேசுறதே மூடி, ரேக், கதவு."

அவன் காலரைத் தடவிவிட்டுக்கொண்டே யோசித்தான். "போன வாரம் தெருமுனையில டீ குடிச்சோம். டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா. குளிருதான்னு கேட்டேன். முறைச்சா." பிறகு சொன்னான், "நீ சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கி இல்லாம, நாத்தனாரைப் பழி வாங்கிட்டான்னுதான் சொல்வாங்க. அக்காவும் அதையேதான் நினைப்பா."

"சொல்லலைன்னா?"

"அதான் எனக்கும் தெரியல" என்றான். "நான் வேணா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாள் பொறு."

கொஞ்ச நாள் பொறுத்தாள். அதற்காக அவள் செய்த சாகசங்கள் அவளுக்கே வெட்கமாக இருந்தன. ஒரு நாள் தலைவலி என்றாள். ஒரு நாள் ஆட்டோகிளேவின் கதவில் ரப்பர் பழசாகிவிட்டது, மாற்றாமல் உள்ளே போவது சரியில்லை என்று மெக்கானிக்கை வரவழைத்தாள். கழிவையெல்லாம் நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லுகிற அந்த யந்திரத்தின் ரப்பர் போன மாதம்தான் மாற்றியது. மெக்கானிக் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்கே டாக்டரம்மா" என்றார். கணவன் அக்காவை டாக்டரிடம் கூப்பிட்டதற்குக் கிடைத்த பதில், "உன் பொண்டாட்டி அனுப்பினாளா?" என்பதுதான்.

மெக்கானிக் போன பிறகு, உடை மாற்றும் அறையில் நாத்தனார் அவள் வழியை மறித்தாற்போல நின்றார்.

"ரப்பர்ல ஒண்ணும் இல்லையாம்."

"ஆமா."

"அப்ப நாளைக்குப் போகலாம்தானே? சோதனை பாக்கி கிடக்கு."

அவள் அலமாரிக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். இன்னும் எத்தனை நாள் மென்று விழுங்குவது என்று தோன்றியது. "அண்ணி" என்றாள்.

அந்தச் சொல் இருவரையுமே கொஞ்சம் திடுக்கிட வைத்தது.

"உங்க கை நடுங்குது அண்ணி. நான் பார்த்துட்டேன். நாளைக்குக் காலையில சார்கிட்ட சொல்லப் போறேன். நீங்களே போய்ச் சொல்லிட்டீங்கன்னா நான் சொல்ல வேண்டியது இல்ல. உங்களுக்குத் தெரியாம பின்னாடி போய்ச் சொல்லக் கூடாதுன்னுதான் முன்னாடியே சொல்றேன்."

நாத்தனாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரல் ஏறவில்லை. "முன்னாடியே சொல்றதுக்கு இப்பதான் கத்துக்கிட்டியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "அது வேற அண்ணி."

"எனக்கு வேற இல்ல." நாத்தனார் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். முதல் தடவை பட்டை நழுவியது. இரண்டாவது தடவை மாட்டிக்கொண்டார். "உனக்கு இந்த வேலையை யார் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான்."

"அது ஞாபகம் இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை பொறுப்பு அதிகாரியின் அறை வாசலில் நாத்தனார் இல்லை. பின்கட்டுக் கதவின் முன்னால், கையில் சாவியோடு, கவச உடைக்குள் போகத் தயாராக நின்றுகொண்டிருந்தார். அவர் சாவி அவருடைய பூட்டில் ஏறியது. இரண்டு தடவை தடுமாறித்தான் ஏறியது. திருப்பிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தன் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"போடுங்க" என்றார் நாத்தனார்.

"மாட்டேன் மேடம்."

நடைபாதையில் போய்க்கொண்டிருந்த பொறுப்பு அதிகாரி நின்றார். இப்படிப்பட்ட கிருமி வைத்திருக்கும் எந்த இடத்திலும் சட்டப்படி ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும்; ஏதாவது நடந்தால் முதலில் மாட்டுபவர் அவர்தான். இவர் சாதுவான மனிதர், எப்போதும் வாயில் இருமல் மிட்டாய் ஒன்றை அடக்கிக்கொண்டிருப்பார். "என்னம்மா, கதவு திறக்கலையா?" என்று கேட்டார்.

அவள் நாத்தனாரை ஒருமுறை பார்த்தாள். அவர் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மேடத்துக்குக் கை நடுங்குது. மூணு நாலு வாரமா பார்க்குறேன். போன வாரம் கூண்டுக்குள்ள ஒரு குழாய் விழுந்துச்சு, சிந்தல. இந்த நிலையில அவங்களோட உள்ளே போறது சரியில்ல."

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "அப்படியா மேடம்?"

"இவளுக்கும் எனக்கும் குடும்பத்துல தகராறு. ஊருக்கே தெரியும்" என்றார் நாத்தனார். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். விதி என்ன சொல்கிறதோ அது நடந்தது. நாத்தனாரின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. சொந்தப் பகையில் சொன்ன புகார் என்று அவர் எழுதிக் கொடுத்ததால், விசாரணை முடியும்வரை இவளுடைய அனுமதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. அறைக்கு மேலும் ஒரு முத்திரை விழுந்தது. இரண்டு பேரும் முன்னறையில் அடுத்தடுத்த மேஜைகளில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். உரக்கச் சொல்ல வேண்டிய வேலையும் இப்போது இல்லை என்பதால் அந்த முன்னறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மற்ற ஊழியர்கள் டீ கொண்டுவந்தால் ஓசைப்படாமல் வைத்துவிட்டு நழுவினார்கள். நாத்தனார் டீயைத் தொடவே இல்லை. யார் பார்வையிலும் டம்ளரைத் தூக்க அவருக்கு மனசில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. டீ வரும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விடப் பழகிக்கொண்டாள். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும்.

சொந்தக்காரர்கள் கணவன் சொன்னபடியே பேசினார்கள். ஒரு சித்தி போன் பண்ணி, "மாமியார் போயாச்சு, இப்ப நாத்தனார் சோத்துலயும் மண்ணைப் போட்டுட்டியா?" என்று கேட்டாள். கணவன் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பிறகு தானாகவே வந்து, "நீ செஞ்சது சரி. எனக்குக் கஷ்டமா இருக்கு. ரெண்டையும் ஒண்ணாச் சொல்லணும்னு பார்த்தேன், அதான் லேட்டாயிடுச்சு" என்றான்.

தலைமையகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அம்மாள் வந்தார். தலை நரைத்தவர், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தே கேட்டார்.

"உங்களுக்குள்ள சண்டையா?"

"ஆமாங்க" என்றாள் பூட்டக்கா.

"அதனால சொன்னீங்களா?"

"இல்லைங்க. அதனால சொல்லாம இருந்தேன். வேற யாராவதா இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

அந்த அம்மாள் நாத்தனார் பக்கம் திரும்பினார். "இவங்க சொன்னது பொய்யா?"

 நாத்தனார் வலது கையை மேஜைக்கு மேலே நீட்டினார். விரல்களை விரித்தார். யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை தனியாக வேறு ஏதோ பேசிக்கொண்டிருப்பது போல ஆடியது. பூட்டக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"கை நடுங்குறது உண்மை. இவ பழிக்குச் சொன்னாங்கிறதும் உண்மை" என்றார் நாத்தனார்.

"முதல் விஷயத்துக்குத்தான் சட்டத்துல இடம் இருக்கு" என்றார் அந்த அம்மாள். "ரெண்டாவதை நீங்க வீட்டுல போய்ப் பார்த்துக்குங்க."

பூட்டக்காவின் அனுமதி திரும்பக் கிடைத்தது, உடனே சொல்லாததற்கு ஓர் எச்சரிக்கையோடு. நாத்தனாரை நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் நடக்கவிட்டுப் பார்த்தார், எழுத வைத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், படம் எடுத்தார். பயப்படுகிற மாதிரியான வியாதி எதுவும் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக வருகிற நடுக்கம். உயிருக்கு ஒன்றும் ஆகாது. மாத்திரையில் குறையும், ஆனால் போகாது என்று எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கும் கடைசி வருடங்களில் கை ஆடியது உண்டு. வயசு என்று விட்டுவிட்டார்கள். எப்படியானாலும் இனி அந்தக் கையை நம்பி அடைப்பான் குழாயைக் கொடுக்க முடியாது. நாத்தனாரின் அனுமதி ரத்தானது.

ஆக, அனுமதி பெற்றவர் ஒரே ஆள். ஒரே ஆளை வைத்து அந்த அறையைத் திறக்க முடியாது. இருவருக்குக் குறைவாக ஆகிக் குறிப்பிட்ட காலம் தாண்டினால் கிருமியை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். அனுப்புவதென்றால் அதற்குத் தனி அனுமதி, பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டி, துணைக்கு ஆயுதத்தோடு ஆள். தலைமையகத்தின் பெரிய ஆய்வகத்தில் இதே கிருமிகள் ஏற்கெனவே இருந்தன. அழித்துவிடும்படி உத்தரவு வந்தது.

அன்றைக்கு இரண்டாவது ஆளாகத் தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நாத்தனார் உள்ளே வர முடியாது. வெளியே கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சாட்சியாக நிற்கலாம் என்று பொறுப்பு அதிகாரி ஏற்பாடு செய்திருந்தார். அவர் வருவார் என்று பூட்டக்கா எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு. அந்தப் பொத்தான்களைப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவள் நினைத்தாள்.

வேலையைத் தொடங்கினாள். "முதல் ரேக் வெளியே" என்று உரக்கச் சொன்னாள். ஆய்வாளருக்கு அந்தப் பழக்கம் இல்லை; தலையை மட்டும் ஆட்டினார். கவச உடைக்குள் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அவள் காத்திருந்தாள். சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து பதில் வந்தது.

"வெளியே. சரி."

அதற்குப் பிறகு அப்படியேதான் நடந்தது. இவள் சொல்ல, ஒலிபெருக்கியில் நாத்தனார் ஆமோதிக்க. ஆய்வாளர் ஒன்றுக்கும் குறுக்கே வரவில்லை. கடைசி ரேக்கில் ஒரு குழாய் இருந்தது. அதன் சீட்டில் நாத்தனாரின் சின்ன வயதுக் கையெழுத்து, அச்சடித்தது போல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எங்கோ ஒரு கொட்டகையில் வரிசையாக மாடுகள் செத்துக் கிடந்த இடத்துக்குத் தனியாகப் போய், அவராகவே பிரித்தெடுத்துக் கொண்டுவந்த கிருமி அது. அதை வைத்துச் சோதித்த தடுப்பூசியால் எத்தனையோ மாடுகள் பிழைத்தன. பூட்டக்கா அந்தக் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள், சீட்டு தெரியும்படி.

"என்ன பண்றீங்க?" என்றார் ஆய்வாளர்.

"சாட்சிக்குக் காட்டுறேன்."

ஜன்னலுக்கு அப்பால் நாத்தனார் குனிந்து சீட்டைப் பார்த்தார். "பார்த்தாச்சு. போடு" என்றார். பழைய நீ, நீங்க இல்லை.

ஆட்டோகிளேவின் கதவு மூடியது. உள்ளே நீராவி சீறியது. காட்டும் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, இறங்கியது. அவித்தது செத்துவிட்டதா என்று சோதித்து, செத்ததுதான் என்று தெரிந்த பிறகு உத்தரவின் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நாத்தனாரின் கையெழுத்து கோணலாக வந்தது. அவர் அதை மறைக்க முயற்சி செய்யவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. பூட்டக்கா கதவைத் திறந்தால் நாத்தனார் நிற்கிறார். அம்மா செத்த காரியங்கள் முடிந்த பிறகு அந்த வாசற்படி ஏறாதவர். 

"வாங்க அண்ணி."

"அவன் இருக்கானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். கணவன் பனியனோடு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"உட்காருடா. கையை நீட்டு."

"எதுக்குக்கா?"

"இது பரம்பரையா வர்றதுன்னு டாக்டர் சொன்னாரே, உன் பொண்டாட்டி சொல்லலையா? நேரா நீட்டு. விரலை விரி."

அவன் நீட்டினான். நாத்தனார் மேஜையிலிருந்து ஒரு பரீட்சைப் பேப்பரை எடுத்து அவன் விரல்களின் மேல் பரப்பி வைத்துவிட்டு, குனிந்து அதன் ஓரத்தையே பார்த்தார். கையில் மெல்லிய நடுக்கம் இருந்தாலும் காகிதத்தின் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். மருத்துவர் தனக்குச் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். பூட்டக்காவும் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தாள். இரண்டு தலைகளும் ஏறக்குறைய முட்டிக்கொண்டன.

"ஆடல" என்றாள் அவள்.

"ஆடல. சரி" என்றார் நாத்தனார். நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அம்மா படுத்திருந்த கட்டிலை எடுத்துவிட்டு அங்கே புத்தக அலமாரி வைத்திருந்தார்கள். 

"மூச்சு முட்டிச்சா அன்னைக்கு?"

யாரைக் கேட்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. "ஆமா அண்ணி. காலையிலேயே. நீங்க போன் பண்ணினப்ப எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கே போயிடுவாங்கன்னு நினைக்கல."

"ம்."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை. "புது ஆளுக்கு அனுமதி வந்துடுச்சாம்" என்றார். "பெரிய ஆய்வகத்துலேர்ந்து திரும்பவும் கிருமி வாங்கப் போறாங்களாம். அந்தப் புது ஆளுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கணும்னு சார் சொல்றார். வெறும் தண்ணிக் குழாயை வச்சு. தண்ணி சிந்தினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது பார்."

"நீங்க சொல்லிக் கொடுத்தா நல்லா வருவாங்க."

"உன்னோடதான் உள்ளே வரப் போற ஆள். அதனால உன்கிட்ட ஒண்ணு சொல்லிடுறேன்." நாத்தனார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நீ செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம் அண்ணி."

"குறுக்கே பேசாதே. கையை முதல்ல பார்த்தே, டிக்டிக்குன்னு சத்தம் வந்த அன்னைக்கு. எனக்கும் கேட்டுச்சு, நீ திரும்பிப் பார்த்ததையும் பார்த்தேன். அன்னைக்கே நீ சொல்லியிருக்கணும். தலைவலிங்கிறே, ரப்பருங்கிறே. அதுக்குள்ள அந்தக் குழாய் உடைஞ்சிருந்தா? உன் இடத்துல நான் இருந்து, என் இடத்துல நீ இருந்திருந்தா, உன்னை அன்னைக்கே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பேன். தம்பி பொண்டாட்டியாவது ஒண்ணாவது."

அவளுக்குக் கோபம் வர வேண்டும், சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அடுத்த தடவை லேட் பண்ண மாட்டேன் அண்ணி."

"பண்ணாதே."

அவள் டீ போட உள்ளே போகத் திரும்பினாள்.

"அக்கா" என்றான் கணவன். அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, பரீட்சைப் பேப்பர் அதன் மேலேயே இருந்தது. "நான் கையை இறக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இரு" என்றார் நாத்தனார். "இடது கையை இன்னும் பார்க்கல."